மாதம் நான்கு விரல்

"தண்ணி உங்க பூந்தொட்டியிலேர்ந்துதான் சொட்டுது, என் தலையிலதான் விழுது. இதுல ஆராய்ச்சி பண்றதுக்கு என்னங்க இருக்கு?" என்று மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கீழ்வீட்டுக் கண்ணாடிக்காரர் அண்ணாந்து பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"அந்தத் தலையில நாலு முடி இருந்திருந்தா இவ்வளவு சீக்கிரம் தெரிஞ்சிருக்காது" என்று என் அக்கா பால்கனியிலிருந்து அவருக்குக் குறையாத குரலில் பதில் கொடுத்தாள்.

சண்டை தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. சமையலறை ஜன்னல் திறந்திருந்தது, நான் அதன் பக்கத்தில் நின்றிருந்தேன், அவ்வளவுதான். எங்கள் கட்டடத்தில் எனக்கு ஒலிபெருக்கி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமலா போகும்.

சண்டையைக் கேட்டு எனக்குக் கவலை வரவில்லை. சண்டை நல்லது, அவரவர் அவரவர் வீட்டுக்குள் இருப்பார்கள். அதற்குப் பிறகு வந்த அமைதிதான் எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடிக்காரர் தன் வழுக்கையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். மறுநாள் தொட்டிக்கு அடியில் வைக்க ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவர் படியேறி வந்தார். அதற்கு மறுநாள் அவருடைய கோட்டின் கிழிந்த பையை அக்கா தைத்துக் கொடுத்தாள். அந்த வாரம் முடிவதற்குள் அந்தக் கோட்டில் எங்கெல்லாம் கிழிய முடியுமோ அங்கெல்லாம் கிழிந்துவிட்டது. ஐந்து வருடம் உழைத்த கோட்டு ஒரே வாரத்தில் கந்தலாகுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

எல்லாம் எங்கே தொடங்கியது என்று கேட்டீர்கள் அம்மா. இங்கேதான். மருத்துவக் குழுவிலிருந்து விசாரிக்க வந்தால் இவள் பூந்தொட்டியில் ஆரம்பிக்கிறாளே என்று நினைக்காதீர்கள். டாக்டரம்மா மேல் தப்பில்லை என்று காட்ட எனக்கு இதைவிட நேர்வழி தெரியவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது, எனக்கு ஐம்பத்தொன்று. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு யாரும் வரவில்லை. அவளுக்கு வந்தது நிற்கவில்லை. இரண்டாம் மாடியில் நாங்கள் இருவரும் நகமும் சதையுமாக இருந்தோம். முன்னறையில் அவளுடைய தையல் மெஷின், வெட்டும் மேசை, சட்டை மாட்டிவைக்கும் தலையில்லாத பொம்மை. புதுத்துணி அதிகம் தைக்க மாட்டாள். இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பது, பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவது, இதுதான் அவள் தொழில். எங்கள் தெருவில் யார் இடுப்பு எத்தனை அங்குலம் ஏறியது என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் எனக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தால், சரி, அது வேறு விஷயம்.

நான் தெருமுனைத் தோல் மருத்துவமனையில் படம் எடுக்கிறவள். பதினான்கு வருடம். சிகிச்சைக்கு வருகிறவர்களை மாதம் ஒருமுறை உட்கார வைத்து முகத்தை நேராக ஒன்று, பக்கவாட்டில் இரண்டு என்று எடுத்து டாக்டரம்மாவின் திரைக்கு அனுப்ப வேண்டும். சின்ன அறைதான். சாம்பல் நிறச் சுவர், ஒரு முக்காலி, தாடையை வைக்க ஒரு தாங்கி, விளக்கு மாட்டிய ஓர் இரும்புத் தண்டு. விளக்கு நிற்க வேண்டிய உயரத்தில் தண்டைச் சுற்றிச் சிவப்பு நாடா ஒட்டியிருக்கும். அந்த நாடாவை நான்தான் ஒட்டினேன்.

டாக்டரம்மாவுக்கு அந்த நாடாதான் வேதம். போன மாதம் எந்த இடத்தில் விளக்கு இருந்ததோ இந்த மாதமும் அங்கேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் கோள் சொல்கிறவனுக்கும் படத்துக்கும் வித்தியாசமில்லை என்பார். தினமும் பார்க்கிற முகத்தில் மாற்றம் தெரியாது, அதனால் கண்ணை நம்பாதே, படத்தை நம்பு என்று நோயாளிகளிடமும் சொல்வார், தனக்கும் சொல்லிக்கொள்வார். நல்ல விதி. அந்த விதியில் நம்பிக்கை வைத்ததைத் தவிர அவர் வேறெந்தத் தப்பும் செய்யவில்லை.

விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். விளக்கு முகத்துக்கு நேரே இருந்தால் தோல் மழமழவென்று தெரியும். அதை மேலே தூக்கத் தூக்க, கண்ணுக்குக் கீழே பை வரும், வாயோரம் வாய்க்கால் வெட்டும், தாடைக்கு அடியில் ஒரு பள்ளம் இருட்டிக் கிடக்கும். முகம் அதே முகம்தான். நிழல்தான் வேறு.

கோட்டுக் கந்தலான மாதம் அக்கா கண்ணாடி முன்னால் நிற்கத் தொடங்கினாள். கன்னத்தை இரண்டு விரலால் காதுப் பக்கம் இழுத்துப் பிடித்துப் பார்ப்பாள், விட்டுவிடுவாள், மறுபடி இழுப்பாள். துணியில் எத்தனை அங்குலம் பிடிக்கலாம் என்று பார்க்கிற அதே பார்வை.

"இந்த இடத்துல கொஞ்சம் தொய்ஞ்சிருக்கு இல்லடி? உன் டாக்டரம்மாகிட்ட ஒரு நாள் கூட்டிட்டுப் போயேன்" என்றாள்.

எனக்கு விருப்பமில்லை. இருந்தாலும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா அரைமணி நேரம் பொறுமையாக விளக்கினார். தோலுக்கு அடியில் அதைத் தாங்கிப் பிடிக்க நார்போல ஒன்று இருக்கிறது, இழுத்தால் திரும்பி வர ரப்பர்போல இன்னொன்று இருக்கிறது. வயதாக ஆக உடம்பு இரண்டையும் குறைவாகத்தான் செய்யும். கன்னத்துக் கொழுப்பு மெல்லக் கீழே இறங்கும். உள்ளே எலும்புகூடக் கொஞ்சம் சுருங்கும். வெயிலும் புகையும் இந்த வேலையைச் சீக்கிரம் முடித்து வைக்கும். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உள்துணி மெலிஞ்சா மேல்துணி தொங்கும், எலாஸ்டிக் செத்தா இடுப்புல நிக்காது. அவ்வளவுதானே டாக்டர்?" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு, பத்து வருடமாகத் தான் சொல்லத் தெரியாமல் தவித்ததை இவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள் என்றார்.

வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. பகலில் வெயில் தடுக்கும் களிம்பு, இரவில் வேறொரு களிம்பு, பொறுமை. சூடு வைக்கும் கருவி, ஊசி எல்லாம் கொஞ்சம்தான் தூக்கும். நிறையத் தூக்க வேண்டுமென்றால் கத்திதான், ஆனால் உங்களுக்கு அது தேவையே இல்லை என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள் அம்மா. தேவையில்லை என்று முதல் நாளே சொன்னவர் அவர்.

முதல் மாதப் படத்தை நாடா இருந்த இடத்தில் விளக்கை வைத்துத்தான் எடுத்தேன். இரண்டாம் மாதமும் அப்படியே. என்னிடம் கள்ளம் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் இதெல்லாம் என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

மூன்றாம் மாதம் களிம்பு வேலை செய்யத் தொடங்கியது.

திரையில் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. முக்காலியில் உட்கார்ந்து தாடையைத் தாங்கியில் வைத்தாள். கன்னத்தில் ஒரு தெளிவு. கண்ணோரத்துக் கோடுகள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விலகியது போல இருந்தன. போதாததற்கு உள்ளுக்குள் சிரிப்பு வேறு. கீழ்வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று அவளாகவே சொல்லத் தொடங்கினாள். நான் கேட்கவே இல்லை. அதைவிட மோசம், ஜன்னல் வழியாக எனக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கவில்லை. இரண்டு பேரும் வெளியே எங்கேயோ உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

நான் ஒரு விஷயத்தை நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அவர் கண்ணாடிக்காரர்; ஊருக்கெல்லாம் தெளிவாகப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறவர். ஒருநாள் இவளையும் தெளிவாகப் பார்ப்பார். அன்றைக்கு இவள் மனது உடையும். ஐம்பத்தெட்டு வயதில் உடைந்தால் ஒட்டுமா? பின்னால் வரப்போகிற பெரிய வலிக்கு இப்போதே ஒரு சின்ன வலி நல்லது இல்லையா? டாக்டர்கள் ஊசி போடும்போது இதைத்தானே சொல்கிறார்கள்.

விளக்கை நாடாவுக்கு மேலே நான்கு விரல் தூக்கினேன். அவ்வளவுதான்.

நான்கு விரல் என்பது ஒன்றுமே இல்லை. முக்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. படம் எடுத்து முடித்ததும் விளக்கை நாடாவுக்கே இறக்கிவிட்டேன். அடுத்து வந்தவர் பாவம், அவருக்கு எதற்கு அநியாயம் செய்ய வேண்டும்? எங்கே நிறுத்தினேன் என்று மறக்காமல் இருக்கத் தண்டில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டேன். அடுத்த மாதம் அதற்கு மேல் நான்கு விரல், இன்னொரு கோடு. நீங்கள் எண்ணிப் பார்த்த ஆறு கோடுகளும் என்னுடையவைதான். எதையும் ஒழுங்காகச் செய்வது என் பிறவிக் குணம்.

திரையில் இரண்டு மாதப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அக்கா தன் தாடையைத் தடவிப் பார்த்தாள். டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். நேரில் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்று கொஞ்சம் முணுமுணுத்தார். பிறகு தன் விதியை நினைத்துக்கொண்டு, படம் பொய் சொல்லாது என்று சொல்லிக் களிம்பை மாற்றினார். அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனை. அதற்கடுத்த மாதம் சூடு வைக்கும் கருவி. அது சுடும் அம்மா. சுடாது என்று எழுதியிருப்பார்கள், ஆனால் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். நான் கடைசிவரை கையை விடவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால் அந்த மாதங்கள் எங்கள் வீட்டுக்கு நல்ல காலம். அக்கா வெளியே போவதை நிறுத்தினாள். வெயில் படக் கூடாதென்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். துணி கொடுக்க வருகிறவர்களைப் பார்க்கக் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டாள். இரவில் தாடையை ஒரு பட்டியால் தூக்கிக் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தாள். காலையில் பார்த்தால் பல்வலிக்காரி போல இருப்பாள், எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அவள் சிரிக்க மாட்டாள். சிரித்தால் கோடு விழும் என்று சிரிப்பதையே விட்டுவிட்டாள். மற்றபடி மாலை முழுவதும் எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். சீட்டு ஆடுவோம், நான் கட்டடத்துச் செய்திகளைச் சொல்வேன். மூன்றாம் மாடி டீச்சரின் மருமகன் வேலையை விட்டது, பேக்கரிக்காரர் மனைவியோடு பேசாமல் இருப்பது, எல்லாம். அவளுக்கு வேறு போக்கிடம் இல்லாததால் நன்றாகக் கவனித்துக் கேட்டாள்.

"என் கண்ணுக்கு நீ எப்பவும் அழகுதான்க்கா" என்று தினமும் சொல்வேன்.

"நீ பாசத்துல சொல்ற" என்பாள். "படம் பாசம் பாக்காது."

கண்ணாடிக்காரர் லேசில் விடுகிறவரில்லை. கோட்டுக் கிழிவதற்கு இடமில்லாமல் போனதும் குடையைக் கிழித்துக்கொண்டு வந்தார். அக்கா கதவைக் கொஞ்சமாகத் திறந்து கையை மட்டும் நீட்டிக் குடையை வாங்கிக்கொண்டாள். இன்னொரு நாள் அவளுக்கென்று படிப்பதற்கு ஒரு கண்ணாடி செய்து எடுத்துவந்தார். கதவு திறக்கவில்லை. அவர் போகவும் இல்லை.

"இதோ பாருங்க, என் கண்ணாடியைக் கழட்டிட்டேன்" என்றார் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு. "இது இல்லைன்னா எதிர்ல நிக்கிறது ஆளா அலமாரியான்னே எனக்குத் தெரியாது. இப்பவாவது கதவைத் திறங்களேன்."

அக்காவின் கை தாழ்ப்பாளுக்குப் போனது. வாயோரம் லேசாகத் துடித்தது, பழைய சிரிப்பு வெளியே வர வழி தேடுவது போல. நான் சமையலறையிலிருந்து, அக்கா, பால் பொங்குது என்றேன். அவள் ஓடி வந்தாள். அடுப்பில் பால் இல்லை. இருப்பது போல இருந்தது என்றேன். அதற்குள் படியில் அவர் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. கண்ணாடி போடாமல் இறங்கினார் போல, நடுவில் ஒரு தடுமாற்றமும் கேட்டது.

ஏழாம் மாதம் அவர் என்னையே மருத்துவமனை வாசலில் நிறுத்திப் பேசினார். நேராகப் பேசுகிறவர், அதை மறுக்கமாட்டேன். கடற்கரைப் பக்கம் ஓர் ஊரில் பெரிய கடையாகப் பார்த்திருப்பதாகவும், இன்னும் ஆறு வாரத்தில் இந்த வீட்டைக் காலி செய்யப் போவதாகவும் சொன்னார். மனைவி இறந்து ஒன்பது வருடமாகத் தனியாக இருப்பவர். உங்கள் அக்கா சம்மதித்தால் கல்யாணம் செய்துகொண்டு கூட்டிப் போக ஆசை. கதவு வழியாகக் கேட்க முடியவில்லை, நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

நான் அவர் சொன்னதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அக்காவிடம் சொன்னேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. அந்த மாதப் படத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில் சொன்னேன், அவ்வளவுதான்.

"இந்த மூஞ்சியோடயா?" என்றாள். நான்கு தப்படி நடந்து நின்றாள். "ஆபரேஷன் பண்ணிக்கிறேன்டி. அதுக்கப்புறம் பதில் சொல்றேன்."

டாக்டரம்மா அப்போதும் தயங்கினார். இரண்டு முறை வேண்டாம் என்றார். ஆனால் ஏழு மாதப் படங்களும் வரிசையாகக் கீழே இறங்கும்போது அவர்தான் என்ன செய்வார்? பெரிய மருத்துவமனையில் இருக்கும் அறுவை மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். காதுக்கு முன்னால் கீறி, தோலைத் தூக்கி, உள்ளே இருப்பதை இழுத்துத் தைத்து, மிச்சத்தை வெட்டி எடுப்பார்கள். இதைக் கேட்டு அக்கா மட்டும்தான் பயப்படவில்லை. நானும்தான் எத்தனை சட்டையை அப்படிப் பண்ணியிருக்கேன் என்றாள்.

கத்தி என்றதும் எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அன்று விளக்கை இறக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு விசாரித்தேன். முகத்து வீக்கமும் கன்றிப்போன நீலமும் வடிய ஆறு வாரம் ஆகும் என்றார்கள். கண்ணாடிக்காரர் கிளம்ப அப்போது நான்கு வாரம் பாக்கி. அறுவை நாள் இரண்டாம் வாரத்தில் கிடைத்தது. அந்த முகத்தோடு அவள் எப்படியும் கதவைத் திறக்கமாட்டாள். அவர் போய்விடுவார். வீக்கம் வடிந்த பிறகு அவளுக்கு அழகான முகமும் இருக்கும், வீடும் இருக்கும், நானும் இருப்பேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. கஞ்சி வைத்துக் கொடுக்க ஒரு வாரம் விடுப்புக்கூட எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எட்டாம் மாதப் படத்தோடு வழக்கமான வேலை முடிந்தது. அறுவைக்கு மூன்று நாள் முன்பு, அந்த மருத்துவரிடம் காட்ட எட்டு மாதப் படங்களையும் தாளில் அச்சடித்து ஓர் உறையில் போட்டு டாக்டரம்மா அக்காவிடம் கொடுத்தனுப்பினார். இதுவரை அக்கா படங்களைத் திரையில்தான் பார்த்திருக்கிறாள், அதுவும் இரண்டிரண்டாக, அதுவும் தன் கன்னத்தை மட்டும். அன்று மாலை எட்டையும் வெட்டும் மேசையில் வரிசையாகப் பரப்பிவைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே உடையில் வந்தால்தான் படங்களை ஒப்பிட முடியும் என்று மருத்துவமனையில் ஒரு வழக்கம் உண்டு. அக்கா ஒவ்வொரு மாதமும் தன் வெள்ளைச் சட்டையைத்தான் போட்டு வந்தாள். கழுத்தில் விறைப்பான காலர், அதற்குக் கீழே முத்துப் பட்டன். நான் பதினான்கு வருடமாக முகங்களை மட்டும் பார்த்துப் பழகியவள். சட்டையை நான் பார்க்கவே இல்லை.

"இங்க வாடி" என்று கூப்பிட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இந்தக் காலரைப் பாரு."

பார்த்தேன்.

"என் கழுத்து தொங்கலாம். வயசாச்சு. நான் உள்ளே கேன்வாஸ் வெச்சு ரெண்டு தையல் போட்ட காலர் எப்படிடி தொங்கும்?"

மூன்றாம் படத்திலிருந்து காலருக்குக் கீழே நிழல் மாதாமாதம் ஒரு நூல் அளவு நீண்டிருந்தது. அக்கா அதை இஞ்ச் டேப்பால் அளந்துகொண்டிருந்தாள். பிறகு முத்துப் பட்டனைக் காட்டினாள். முதல் படத்தில் அதன் மினுக்கு நட்ட நடுவில் இருந்தது. எட்டாம் படத்தில் உச்சிக்கு ஏறியிருந்தது.

அந்தச் சட்டையை எடுத்துத் தலையில்லாத பொம்மைக்கு மாட்டினாள். மேசை விளக்கை எடுத்துப் பொம்மைக்கு நேரே பிடித்தாள். அப்புறம் மெல்ல, நான்கு நான்கு விரலாகத் தூக்கினாள். எத்தனை விரல் என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை. துணி அளந்து பழகிய கை. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் காலருக்குக் கீழே நிழல் இறங்கியது, மினுக்கு ஏறியது.

"பொம்மைக்கும் வயசாகுது பாரு" என்றாள்.

டீ ஆறுகிறது என்றேன்.

அப்போதுதான் சிரிக்கத் தொடங்கினாள். ஆறு மாதத்துச் சிரிப்பு அல்லவா, நிற்கவே இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, கோடு விழுமே என்ற கவலை இல்லாமல் சிரித்தாள். சரி, கோபமில்லை, விளையாட்டாக எடுத்துக்கொண்டாள் என்று நானும் கூடச் சிரித்தேன். நான் சிரித்ததும் அவள் நிறுத்திவிட்டாள்.

"அந்த சர்வேயர்" என்றாள். "முப்பது வருஷத்துக்கு முன்னால. நாள் குறிச்சதுக்கப்புறம் திடீர்னு வராம போனாரே. அதுவும் நீதானா?"

நான் டீயை எடுத்துவரச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது கதவு அகலத் திறந்திருந்தது, கழுத்துத் துண்டு தரையில் கிடந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சமையலறை ஜன்னல் வழியாகக் கீழே கேட்டேன். கண்ணாடிக்காரர் கதவைத் திறந்தார். பிறகு, நான் கண்ணாடி போட்டிருக்கேன், போட்டுட்டேதான் பாக்கிறேன் என்று மட்டும் சொன்னார். மீதியைக் கேட்க முடியவில்லை. யாரோ ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

மறுநாள் அக்கா உறையோடு டாக்டரம்மாவிடம் போனாள். டாக்டரம்மா படமெடுக்கும் அறைக்கு வந்து தண்டில் இருந்த கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். என்னைத் திட்டவில்லை. அவரே உங்கள் குழுவுக்கு எழுதினார். அறுவையை நிறுத்தச் சொல்லித் தொலைபேசியில் சொன்னதும் அவர்தான். அன்றே அக்காவைச் சிவப்பு நாடா உயரத்தில் வைத்துத் தன் கையாலேயே ஒரு படம் எடுத்தாராம். முதல் மாதத்தைவிட ஐந்து வயது குறைவாகத் தெரிந்ததாம். களிம்பு அத்தனை நாளும் சத்தமில்லாமல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நல்ல களிம்பு. யார் கேட்டாலும் சிபாரிசு செய்வேன்.

சர்வேயரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், மறைத்தாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. அக்காவுக்கு வலிப்பு இருக்கிறது, கல்யாணம் வரைக்கும் மறைக்கப் போகிறார்கள் என்று அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அப்போது எனக்கு இருபத்தொன்று. அதற்கு முன்னால் வந்த பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கடிதம் எழுத வேண்டிய அவசியம் வரவில்லை, வாய்மொழியாகவே முடிந்துவிட்டது. விளக்கை உயர்த்தியதும் நான்தான், படங்களை அனுப்பியதும் நான்தான், அறுவை தேவையில்லை என்று தெரிந்தும் நாளை எண்ணிக்கொண்டிருந்ததும் நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

மற்றபடி எல்லாரும் சௌக்கியம். அக்காவுக்கும் கண்ணாடிக்காரருக்கும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. மூன்றாம் மாடி டீச்சர்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். எனக்கு அன்றைக்கு வேலை இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். மாப்பிள்ளை புதுக் கோட்டுப் போட்டிருந்தாராம், அக்கா கேமராவைப் பார்த்ததும் தானே போய் வெயிலில் நின்றாளாம். மறு வாரமே இரண்டு பேரும் கடற்கரை ஊருக்குப் போய்விட்டார்கள். டீச்சரின் மருமகனுக்கு அவர்கள் கடையிலேயே வேலை கிடைத்து அவனும் மனைவியோடு அங்கே குடிபோய்விட்டான். பேக்கரிக்காரர் மனைவியோடு பேசத் தொடங்கிவிட்டார். மருத்துவமனையில் என் இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. கேமராவையும் விளக்கையும் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கிவிட்டார்களாம்.

புது வீட்டு விலாசத்தைத்தான் அக்கா எனக்குக் கொடுக்கவில்லை. டீச்சரிடம் கொடுத்திருக்கிறாள், டாக்டரம்மாவிடம் கொடுத்திருக்கிறாள், துணி தைக்கக் கொடுத்தவர்களுக்குக்கூடக் கொடுத்திருக்கிறாள். கிளம்புகிற அவசரத்தில் என்னை விட்டுவிட்டாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கும் வயதாகிறது அம்மா, மறதி வரத்தானே செய்யும்.